குடியை நிறுத்த ஜெபம் போதுமா? நடைபாதை ஊழியம் செய்யும் ஒருவருக்கு எழுதிய பதில்

மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் சபையின் வாலிபர் குழு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சென்னை சென்ட்ரல், வால்டாக்ஸ் ரோடு பக்கம் நடைபாதையில் இருப்பவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கிறது. வாங்குகிறவர்களில் பலர் குடியில் மாட்டியிருக்கிறார்கள். இப்போது குழுவுக்குள் ஒரு யோசனை ஓடுகிறது: ஊருக்கு வெளியே ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, ஐந்தாறு பேரை அழைத்துப்போய், உபவாச ஜெபத்தோடு குடியை நிறுத்தவைப்பது. ஆஸ்பத்திரி, மாத்திரை எதுவும் வேண்டாம், கர்த்தர் விடுவிப்பார் என்கிறார் குழுவில் மூத்த ஒருவர். உங்களுக்கு அது சரிதானா என்று சந்தேகம். கூடவே, காலையில் கை நடுங்க ஒரு கட்டிங்குக்குக் காசு கேட்கிறவரிடம் என்ன சொல்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பார்த்தால் விசுவாசமா மருந்தா என்கிற பழைய சண்டை போலத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, இந்த வேலையில் சபையின் பங்கு எது, எது அதன் பங்கு இல்லை என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். நான் மனநல சமூகப்பணி படித்தவள். குடிநோய் சிகிச்சை மையத்தில் பல வருடம் வேலை பார்த்திருக்கிறேன்; அதே வருடங்களில் நடைபாதை ஊழியக் குழுக்களோடும் சுற்றியிருக்கிறேன். ஜெபிக்கிறவள்தான். டாக்டர் இல்லை. அதனால் மருந்தின் பெயர் வரும், அளவு வராது.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். வருடக்கணக்கில் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உயிர் போகலாம். மதுவுக்குப் பழகிப்போன மூளை, அது இல்லாதபோது கட்டுமீறிக் கொதிக்கிறது. கடைசிக் குடி முடிந்து 6 முதல் 12 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு வரும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவில் சிலருக்கு வருவது இன்னும் மோசமானது. காய்ச்சல் அடிக்கும், நாடி பறக்கும், இடம் நேரம் தெரியாது, இல்லாத பூச்சிகள் உடம்பில் ஊரும், இல்லாத ஆள் கதவருகே நிற்பான். டெலிரியம் ட்ரெமன்ஸ் என்பார்கள். எல்லோருக்கும் வராது. ஆனால் முன்பு ஒருமுறை வலிப்பு வந்தவர், கண் விழித்ததும் குடித்தே ஆக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர், சாப்பிடாமல் வற்றிப்போனவர், ஈரல் கெட்டவர் ஆகியோருக்கு அபாயம் அதிகம். நடைபாதையில் நீங்கள் சந்திக்கிறவர்களில் இந்த அடையாளங்கள் இல்லாதவரைத்தான் தேட வேண்டியிருக்கும்.

இப்போது அந்த வாடகை வீட்டை யோசித்துப் பாருங்கள். மூன்றாம் நாள் ராத்திரி. ஒருவர் படுக்கை விரிப்பிலிருந்து எதையோ பிடுங்கிப் பிடுங்கிப் போடுகிறார். செத்துப்போன அம்மாவோடு பேசுகிறார். நெருங்கினால் அடிக்க வருகிறார். நம் சபைகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு முதலில் என்ன தோன்றும்? ஆறு பேர் சுற்றி நின்று, தலையில் கை வைத்து, சத்தமாகக் கட்டளையிட்டு ஜெபிப்பார்கள். அவர் களைத்துச் சாய்ந்ததும் விடுதலை கிடைத்துவிட்டது என்று தோன்றும். அந்தச் சாய்வு நினைவு தப்புவதாகவும் இருக்கலாம். அப்படி விடியும்வரை ஜெபித்துவிட்டு, கட்டுப்படாத வலிப்போடு ஆட்டோவில் கொண்டுவந்து போட்டவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். கொண்டுவந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. யாரும் அவர்களுக்கு இதைச் சொல்லித் தந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

இதே மனிதருக்கு ஆஸ்பத்திரியில் செய்வது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. குளோர்டயசெபாக்சைடு, டயசெபாம், ஈரல் கெட்டிருந்தால் லோராசெபாம் மாதிரி ஒரு மருந்தைக் கொடுத்து, சில நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். தயமின் என்கிற வைட்டமின் பி1 ஊசி போடுவார்கள். குளுக்கோஸ் ஏற்றும் முன்பே அது போயாக வேண்டும் என்பது வார்டில் நர்ஸ் அக்காக்களுக்கு மனப்பாடம். இந்த வைட்டமின் கடுமையாகக் குறைந்தால் கண் அலைபாயும், நடை தள்ளாடும், ஞாபகம் நிரந்தரமாகப் போகலாம். ‘போதை இன்னும் தெளியலை’ என்று நாம் தள்ளிவிட்டுப் போகிற சிலர் உண்மையில் இந்த நிலையில் இருப்பவர்கள். விலை மலிவான ஒரு ஊசியால் காப்பாற்றக்கூடிய மூளை அது. ஆக, முதல் வாரம் ஆஸ்பத்திரியுடையது. இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

மூத்தவரிடம் இதை எடுத்துச் சொல்ல உங்களுக்கு உதவக்கூடிய ஒரு சம்பவம் நம் ஊழிய வரலாற்றிலேயே இருக்கிறது. நியூயார்க்கில் கால்வரி எபிஸ்கோபல் சபை, சாமுவேல் ஷூமேக்கர் என்ற குருவானவரின் காலத்தில், 23-ஆம் தெருவில் வீடற்ற ஆண்களுக்கு ஒரு மிஷன் நடத்தியது. உங்கள் ஊழியத்துக்கு ஒருவகையில் தாத்தா முறை. 1934-இன் கடைசியில் அங்கே ஒரு பங்குச்சந்தை ஆள் போதையோடு வந்தார். அழைப்புக் கொடுத்தபோது முன்னால் போய் முழங்கால் போட்டார். பெயர் பில் வில்சன். அன்றோடு குடி நின்றுவிட்டதா? இல்லை, மறுபடி குடித்தார். டிசம்பர் 11-ஆம் தேதி டவுன்ஸ் மருத்துவமனையில் போய்ப் படுத்தார். தன் வாழ்க்கையைப் புரட்டிப்போட்ட ஆவிக்குரிய அனுபவம் என்று அவர் சொன்னது அந்த மருத்துவமனைக் கட்டிலில், சிகிச்சைக்கு நடுவில் நடந்தது. அதன்பிறகு அவர் குடிக்கவே இல்லை.

அதைவிட எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த பகுதி. வெளியே வந்த வில்சன், அதே மிஷனிலும் மருத்துவமனையிலும் போய்க் குடிகாரர்களைப் பிடித்துத் தன் அனுபவத்தைப் பிரசங்கித்தார். மாதக்கணக்கில் செய்தும் ஒருவர்கூட நிற்கவில்லை. அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் வில்லியம் சில்க்வொர்த் சொன்ன யோசனை இதுதான்: பிரசங்கத்தைப் பின்னால் வை, இது உடம்பையும் பிடித்திருக்கிற வியாதி என்பதை முதலில் சொல். 1935-இல் ஏக்ரன் நகரத்தில் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரிடம் வில்சன் அப்படித்தான் பேசினார். அதிலிருந்து பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் குழு, நாம் ஏ.ஏ. என்கிறோமே அது. ஒரு கிறிஸ்தவ மிஷன், ஒரு மருத்துவமனை, இன்னொரு குடிநோயாளி, மூன்றும் சேர்ந்துதான் அந்த மனிதரைத் தூக்கி நிறுத்தின. மூன்றில் ஒன்றைப் பிடுங்கிவிட்டு மற்றதை வைத்து ஓட்டலாம் என்று நினைப்பது ஏன் என்று எனக்குப் புரிவதில்லை.

சரி, ஜெபத்தால் ஒன்றும் ஆகாதா? இங்கேதான் உறுதியானதும் சந்தேகமானதும் கலந்து கிடக்கின்றன. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் 2020 ஆய்வுத் தொகுப்பு ஒன்று 27 ஆய்வுகளை, மொத்தம் 10,565 பேரை எடுத்துப் பார்த்தது. ஏ.ஏ.யும் அதில் போய்ச் சேரும்படி நோயாளியை முறையாகத் தயார்செய்கிற சிகிச்சையும், குடியை முழுதாக விட்டு நிற்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கின்றன என்று அது கண்டது. இதைக் காட்டி ‘பார்த்தீர்களா, கடவுள் நம்பிக்கை வேலை செய்கிறது’ என்று சொல்ல ஆசையாக இருக்கும். அவசரப்படாதீர்கள். ஏ.ஏ.யில் கடவுள் உண்டு, ஆனால் எந்த மதத்தோடும் சபையோடும் அது சேர்வதில்லை. அந்த ஆய்வுகளில் பெரும்பான்மை அமெரிக்காவில் நடந்தவை. நம் சென்னை பிராட்வே பிளாட்பாரத்தில் படுப்பவர் அவற்றில் இல்லை. வேலை செய்வது நம்பிக்கையா, வாராவாரம் கூடுவதா, குடிக்காத புதுக் கூட்டாளிகள் கிடைப்பதா என்றால், கூட்டாளிகள் மாறுவதற்கு அதில் பெரிய பங்கு உண்டு என்று காட்டுகிற ஆய்வுகள் இருக்கின்றன. சபைக்கு இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கூட்டாளிகளைத் தருவது சபைக்குக் கைவந்த காரியம்தானே.

ஜெபம் மட்டுமே, மருந்தும் இல்லை தொடர்ச்சியும் இல்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடம் இருப்பவை சாட்சிகள்தான். சாட்சிகள் பொய் என்று நான் சொல்லவில்லை. ஒரே இரவில் விட்டு, அப்புறம் தொடாதவர்களை எனக்கே தெரியும். ஆனால் மேடையேறிச் சாட்சி சொல்வது நின்றவர். விழுந்தவர் எந்தக் கூட்டத்திலும் மைக் பிடிப்பதில்லை. பத்துப் பேருக்கு ஜெபித்து ஒருவர் நின்றால் அந்த ஒருவரை ஊருக்கே தெரியும். ஒன்பது பேர் எங்கே போனார்கள் என்று யாரும் குறித்துவைப்பதில்லை. உங்கள் குழு ஒரு நோட்டுப் போட்டு அந்த ஒன்பதையும் எழுதத் தொடங்கினால், பல ஊழியங்கள் செய்யாததைச் செய்தவர்களாவீர்கள்.

மேடை என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். குடியை விட்டு மூன்று வாரம்கூட ஆகாதவரை வெள்ளைச் சட்டை போட்டுச் சபைக்கு முன்னால் நிறுத்தாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு சபையில் அப்படி நடந்தது. கைதட்டல், கண்ணீர், போட்டோ, வாட்ஸப் ஸ்டேட்டஸ் எல்லாம் ஆயிற்று. இரண்டு மாதம் கழித்து அவர் சறுக்கினார். சறுக்குவது இந்த நோயில் சகஜம், மறுபடி எழுந்துவிடலாம். ஆனால் அவரால் அந்த வாசலுக்குத் திரும்ப வர முடியவில்லை. ‘எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர்றது சிஸ்டர்’ என்றார். வில்சனை அந்த வழிக்கு அழைத்து வந்த அவருடைய நண்பர் எபி தாச்சரே பிற்பாடு பலமுறை மறுபடி குடித்தவர். வில்சன் அவரைக் கடைசிவரை விடவில்லை, தன் வழிகாட்டி என்றே சொல்லிக்கொண்டிருந்தார். சறுக்கியவர் திரும்பி வரக்கூடிய இடமாக உங்கள் குழு இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. ‘பின்மாற்றம்’, அதாவது விசுவாசத்தை விட்டு விலகிவிட்டார், என்று உடனே பெயர் சூட்டினால் அவர் வரமாட்டார்.

அடுத்து, அந்த வீடு. என் பதில்: வேண்டாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன்படி மதுவும் போதைப்பொருளும் சார்ந்த மனநிலைகள் மனநோய் என்ற வரையறைக்குள் வருகின்றன. அப்படிப்பட்டவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடத்தை மாநில மனநல ஆணையத்திடம் பதிவு செய்ய வேண்டும். டாக்டர், செவிலியர், குறைந்தபட்ச வசதிகள், பதிவேடுகள் எல்லாம் தேவை. ‘இது வெறும் ஜெப வீடுதானே’ என்று சொல்லித் தப்ப முடியாது. வெளியே போகிறேன் என்பவரைப் பூட்டி வைப்பது சட்ட விரோதம். சங்கிலி எந்த வடிவிலும் கூடாது என்று 95-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. இந்தச் சட்டங்கள் எங்கோ டெல்லியில் சும்மா உட்கார்ந்து எழுதியவை என்று நினைக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று நம் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், பிரார்த்தனையால் குணமாகும் என்று நம்பி உறவினர்கள் கொண்டுவந்து விட்ட மனநோயாளிகள் 28 பேர், தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியோடு ஓட முடியாமல் செத்தார்கள். எந்த மதம் என்பது இங்கே பேச்சே இல்லை. நல்ல எண்ணமும் பூட்டிய கதவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் பேச்சு.

வீடு பிடிக்க வைத்திருக்கும் காசையும் ஆட்களையும் வேறு இடத்தில் போடுங்கள். இயேசு சொன்ன கதையில் நல்ல சமாரியன் என்ன செய்தான்? வழியில் அடிபட்டுக் கிடந்தவனுடைய காயத்தைக் கட்டினான், வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்தில் சேர்த்தான், இரண்டு பணம் கொடுத்தான், திரும்பி வரும்போது மிச்சத்தைத் தருகிறேன் என்றான். சத்திரம் அவனுடையது இல்லை. ஏற்றிக்கொண்டு போவதும் திரும்பி வருவதும்தான் அவன் வேலை. உங்கள் குழுவுக்கும் இந்த இரண்டுமே மிகப் பெரிய வேலை.

முதலில் ஏற்றிக்கொண்டு போவது. 2019-இல் வெளியான எய்ம்ஸ் தேசியக் கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். வீடு வாசல் உள்ளவர்களையும் சேர்த்த கணக்கு இது. சென்ட்ரலுக்கு எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. கீழ்ப்பாக்கத்தில் மனநலக் காப்பகம் இருக்கிறது. அடையாறு பக்கம் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் நிறுவனத்தின் மருத்துவமனை குடிநோய்க்கென்றே இருக்கிறது. எல்லாம் கூப்பிடு தூரம். ஆனாலும் நடைபாதைக்காரர் தனியாகப் போய் ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நிற்பது நடக்காது. ஆதார் கேட்பார்களோ என்று பயம், நாற்றம் என்று பக்கத்தில் நிற்பவர் முகம் சுளிப்பார், பதினொரு மணிக்கு நடுக்கம் தாங்காது, பன்னிரண்டுக்கு டாஸ்மாக் திறந்துவிடும். அந்த வரிசையில் கூட நிற்க ஒரு ஆள் இருந்தால் கதை மாறுகிறது. அட்மிஷன் போட்டால் ‘அட்டெண்டர் யார்?’ என்று கேட்பார்கள். அந்த அட்டெண்டர் நீங்கள்தான். ராத்திரிக்கு ஒருவர், பகலுக்கு ஒருவர் என்று முறை போட்டுக்கொண்டு ஒரு வாரம் இருக்க வாலிபர் குழுவால் முடியும். இதைவிடப் பெரிய உபவாசம் எனக்குத் தெரியாது. வழி தெரியாவிட்டால் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல உதவிக்கு டெலிமானஸ் 14416, இரண்டும் இலவசம். வலிப்பு, நினைவு தப்புதல், ரத்த வாந்தி என்றால் யோசிக்காமல் 108. குடித்தவர் கண் மங்குகிறது, பார்வை தெரியவில்லை என்றாலும் 108-தான். மெத்தனால் கலந்த சரக்கு அப்படித்தான் முதலில் காட்டும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் போனது அதில்தான்.

ஆனால் ஒருவர் உங்களோடு ஆஸ்பத்திரிக்கு வர ஒப்புக்கொள்வதற்கு முன்னால் உங்களை நம்ப வேண்டும். அதற்கு ஞாயிறு பொட்டலம் போதாது. வெளிப்படையாகச் சொன்னால், அந்த ஏரியாவில் ஞாயிறு மதியம் சாப்பாடு அவ்வளவு அரிதான பொருள் இல்லை. சபைகள், கோயில்கள், பிறந்தநாள் கொண்டாடுகிறவர்கள் என்று மூன்று வண்டி வரும். மற்ற நாளில் அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி உண்டு. கிடைக்காதது வேறு: தன் பெயரைத் தெரிந்த ஒரு ஆள். அதனால் பத்து இடத்துக்கு இருபது பேர் போவதை விட்டுவிட்டு, ஒரே தெருவுக்கு அதே நான்கு பேர் போங்கள், இரண்டிரண்டு பேராக. முடிந்தால் காலை ஆறரைக்கு. அந்த நேரத்து டீக்கடையில் நின்றால் யார் எந்த நிலையில் இருக்கிறார் என்று கண்ணாலேயே தெரியும். நடுக்கக்காரர் அரை கிளாஸ்தான் கேட்பார், முழு கிளாஸ் என்றால் சிந்திவிடும். அதையும் இரண்டு கையால் பிடித்து, வாயைக் குனிந்து கிளாசுக்குக் கொண்டுவருவார். நீங்கள் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளாமல் பக்கத்தில் நின்று உங்கள் டீயைக் குடியுங்கள். நாலைந்து வாரம் கழித்து அவரே பேசுவார். செருப்பு, லுங்கி, கால் புண்ணுக்குக் கட்டு, இதெல்லாம் பொட்டலத்தைவிட வேகமாக நட்பாகும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். குடியும் காசநோயும் பிளாட்பாரத்தில் கூடப்பிறந்தவை.

ஜெபத்தைச் சாப்பாட்டுக்கு டிக்கெட் ஆக்காதீர்கள். பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் ஜெபித்தால் அவர் கண்ணை மூடியிருப்பார், காது மூடியே இருக்கும். முதலில் கொடுங்கள், உட்காருங்கள், ‘உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?’ என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு அடுத்த வாரமும் வாருங்கள். கழுத்தில் உருத்திராட்சம் போட்டவரும் தொப்பி போட்டவரும் அதே வரிசையில் அதே சாப்பாட்டை வாங்கிப் போகட்டும். பசித்தவனிடமும் போதையில் இருப்பவனிடமும் மதம் மாறச் சம்மதம் வாங்குவது சம்மதமே இல்லை. தெளிந்து, சாப்பிட்டு, சம்பாதித்து, அப்புறமும் உங்கள் சபைப் பக்கம் வந்தால் அது அவர் இஷ்டம்.

எல்லோரையும் குடிகாரர் என்று முடிவுகட்டாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். தனக்குள் பேசிக்கொண்டு குப்பை மூட்டையோடு அலைகிறவர் ஒரு சொட்டுகூடக் குடிக்காதவராக இருக்கலாம். அது மனநோய், அதற்குச் சிகிச்சை வேறு. சென்னையில் வீடற்ற, மனநோயுள்ள பெண்களுக்காகவே 1993-இல் தொடங்கிய பேன்யன் போன்ற அமைப்புகள் இருக்கின்றன. இப்படிப் பாதுகாப்பின்றித் திரிபவரைக் காவல்துறை பொறுப்பேற்று மருத்துவ உதவிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அதே 2017 சட்டத்தின் 100-ஆம் பிரிவு. பெண்களிடம் பெண்கள்தான் போய்ப் பேச வேண்டும், ராத்திரியில் ஆண்கள் குழு நெருங்கவே கூடாது. ஊரில் விளம்பரம் செய்கிறார்களே, ‘தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடி நிற்கும்’ என்று, அந்தப் பவுடர் பக்கம் போகவே போகாதீர்கள். டைசல்ஃபிரம் போன்ற மருந்து டாக்டர் கொடுத்து, நோயாளி தெரிந்தே எடுப்பது. தெரியாமல் விழுங்கிவிட்டு மேலே ஒரு குவார்ட்டர் அடித்தால் ரத்த அழுத்தம் இறங்கி இதயம் நிற்கலாம்.

இனி திரும்பி வருவது. இதுதான் சபையின் உண்மையான பங்கு, இங்கேதான் ஆஸ்பத்திரியால் ஒன்றும் செய்ய முடியாது. பத்தாம் நாள் டிஸ்சார்ஜ். கையில் மாத்திரைப் பை. அன்றைக்கு ராத்திரி எங்கே படுப்பார்? அதே பிளாட்பாரத்தில், அதே ஆட்களோடு படுத்தால் எனக்குத் தெரிந்த எந்த மருந்தும் எந்த ஜெபமும் ரொம்ப நாள் தாங்குவதில்லை. 1992-இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் வேறு வழியில் தொடங்கினார்: குடியை விட்டால்தான் வீடு என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு, முதலில் வீட்டைக் கொடுப்பது. கனடாவில் ஐந்து நகரங்களில் இரண்டாயிரம் பேர் அளவில் அதைச் சோதித்தார்கள். வீடு கிடைத்தவர்கள் வீட்டில் நிலைத்தார்கள், அது நிரூபணமாயிற்று. ஆனால் குடி பெரிதாகக் குறையவில்லை. கூரை உயிரைக் காக்கிறது, குடிக்கு அதற்கு மேலும் வேண்டும் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

சென்னையில் அப்படித் தனி வீடு தர யாரிடமும் காசு இல்லை. மாநகராட்சியின் காப்பகங்கள் இருக்கின்றன. ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு நூறு பேர் தங்கும் அளவுக்கு இரவுபகல் காப்பகம் வேண்டும் என்பது மத்திய அரசுத் திட்டத்தின் கணக்கு. எந்த நகரமும் அதை எட்டியதாக நான் பார்த்ததில்லை. இருந்தாலும் இடம் இருக்கும், மாநகராட்சியின் உதவி எண் 1913-க்கு அழைத்துக் கேளுங்கள். டிஸ்சார்ஜுக்கு முந்தின நாளே ஆள் போய்ப் பேசி வையுங்கள். பல காப்பகங்களில் போதையோடு வந்தால் உள்ளே விடமாட்டார்கள். அது உங்கள் ஆளுக்கு இப்போது நல்லதுதான். அப்புறம் வேலை. நடைபாதைக்காரர்களுக்குச் சுலபமாகக் கிடைப்பது கேட்டரிங்கும் லோடு வேலையும். இரண்டிலும் ராத்திரி கூலியை எண்ணிக் கொடுக்கும்போதே கூட்டத்தோடு கடைக்குப் போகிற வழக்கம் இருக்கிறது. உங்கள் சபையில் பிரஸ், பேக்கரி, ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர் இருந்தால் ஒரு பகல் வேலை கேளுங்கள். ஆதார் எடுக்க, அஞ்சலகத்தில் கணக்குத் தொடங்க உதவுங்கள். அவர் சம்பளத்தை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும். ஒருநாள் அதுவே சண்டையாகும். வாரம் இரண்டு சாயங்காலம் ஏ.ஏ. கூட்டத்துக்குக் கூடப் போங்கள். வெளியாட்கள் வரலாம் என்று அறிவித்த கூட்டங்களில் நீங்களும் உட்காரலாம், மற்றதில் வாசலில் நில்லுங்கள். பல கூட்டங்கள் சர்ச் ஹாலிலும் பள்ளிக்கூட அறையிலும்தான் நடக்கின்றன. உங்கள் சபையில் பூட்டிக் கிடக்கும் ஹாலை ஒரு கூட்டத்துக்கு விடலாம். இலவசமாகத் தருகிறோம் என்று வற்புறுத்தாதீர்கள், வாடகை கொடுத்து யாருக்கும் கடன்படாமல் இருப்பது அவர்கள் கொள்கை.

கடைசியாக, காலையில் கை நடுங்கக் காசு கேட்கிறவர். கொடுத்தால் பாவமா என்று கேட்டீர்கள். நான் காசு கொடுப்பதில்லை, பாட்டில் வாங்கித் தருவதும் இல்லை. ஆனால் அவரிடம் ‘குடிக்காதே, இன்றே விட்டுவிடு’ என்றும் சொல்வதில்லை. ஆஸ்பத்திரி ஏற்பாடு ஒன்றும் இல்லாமல் அப்படிச் சொல்லி அவர் கேட்டுவிட்டால், அன்று ராத்திரி வலிப்பு வரும்போது பக்கத்தில் நான் இருக்கமாட்டேன். ‘இப்ப ஆஸ்பத்திரிக்கு வர்றீங்களா, நான் கூட வர்றேன்’ என்று கேட்பேன். வருகிறேன் என்றால் அப்படியே ஆட்டோ. நாளைக்கு என்றால், சரி, நாளைக்கு எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு, டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்துவிட்டு வருவேன். மறுநாள் அந்த நேரத்துக்கு அங்கே இருப்பேன், அவர் பெரும்பாலும் இருக்கமாட்டார். அதற்கு அடுத்த நாளும் போகத் தயார் என்றால் உங்கள் குழுவில் அவரை யார் பார்த்துக்கொள்வது என்று இந்த ஞாயிறே பெயர் போட்டுக்கொள்ளுங்கள்.